யார் செய்த பாவம்?

வீட்டில் ஒரு கஷ்டம் வந்துவிட்டால் கிறிஸ்தவக் குடும்பங்களை இரண்டு கேள்விகள் தேடி வரும். ஒன்று வெளியிலிருந்து வருவது: "இவ்வளவு கோயிலுக்குப் போறீங்க, விழுந்து விழுந்து ஜெபம் பண்றீங்க, உங்க சாமி ஏன் உங்களைக் காப்பாத்தலை?" இன்னொன்றைச் சபைக்காரர்களே கேட்பார்கள், குரலைத் தாழ்த்தி: "விசுவாசத்துல எங்கயாவது குறை இருக்குமோ? அறிக்கை பண்ணாத பாவம் ஏதாவது இருக்குமோ?" இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கணக்குதான். கடவுளை ஒழுங்காக நம்புகிறவருக்கு நல்லது நடக்க வேண்டும். நடக்கவில்லையா, அப்படியானால் கோளாறு கடவுளிடம், இல்லையென்றால் நம்புகிறவரிடம்.

கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றித் தவறான எண்ணங்கள் நிறைய உண்டு. வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்பார்கள். பழைய ஏற்பாட்டுக் கடவுள் கோபக்காரர், புதிய ஏற்பாட்டுக் கடவுள் சாந்தமானவர் என்பார்கள். அவற்றுக்குப் பதில் சொல்லப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் இந்தக் கணக்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்ற தவறுகள் வாக்குவாதத்தோடு போய்விடும். இது நோயாளியின் படுக்கை வரைக்கும் வந்து அவர்மேல் ஏறி மிதிக்கிறது.

அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். என் சித்திக்கு மார்பில் புற்றுநோய். கீமோ ஆரம்பித்துத் தலைமுடி கொட்டிப்போய், ஒரு வெள்ளைப் பருத்தித் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு படுத்திருப்பார். மருந்து ஏற்றிய மறுநாள் வாயெல்லாம் புண்ணாகிவிடும், ஆறிய கஞ்சித் தண்ணீர் மட்டும்தான் இறங்கும். அப்படி ஒரு நாளில் ஜெபக்குழு ஒன்று வீட்டுக்கு வந்தது. வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. வெயிலில் பஸ் பிடித்து, பழம் வாங்கிக்கொண்டு, அன்போடுதான் வந்தார்கள். பாட்டுப் பாடினார்கள். சின்ன பாட்டிலில் இருந்த எண்ணெயைத் தொட்டு நெற்றியில் வைத்து, ஒருவர் மாற்றி ஒருவர் உரக்க ஜெபித்தார்கள். முடித்ததும் குழுவை நடத்தியவர் கட்டிலில் உட்கார்ந்து சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க குடும்பத்துல தலைமுறை சாபம் ஏதோ இருக்கு அக்கா. அது என்னன்னு யோசிச்சு அறிக்கை பண்ணிருங்க. அப்புறம் பாருங்க, சுகம் தானா வரும்" என்றார்.

அவர்கள் போன பிறகு சித்தி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி என்னை எழுப்பி, "ஏட்டி, நான் என்னட்டி அப்படிப் பாவம் செஞ்சேன்? எங்க அப்பா செஞ்சாரா?" என்று கேட்டார். சிறுவயதில் பக்கத்து வீட்டு மரத்தில் மாங்காய் பறித்ததிலிருந்து தன் ஆயுசு முழுவதையும் துழாவித் துழாவிப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். வாய்ப்புண்ணோடு இதுவும்.

இந்தத் தலைமுறை சாபம் என்ற பேச்சுக்கு வேதத்திலேயே பதில் இருக்கிறது. பாபிலோனில் சிறைப்பட்டுக் கிடந்த யூதர்களிடையே ஒரு பழமொழி ஓடிக்கொண்டிருந்தது: பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின. எங்கள் அப்பன் பாட்டன் செய்ததற்கு நாங்கள் அனுபவிக்கிறோம் என்று அர்த்தம். எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் முழுக்க அந்தப் பழமொழிக்கு மறுப்பு. இனி இதை இஸ்ரவேலில் சொல்லக் கூடாது என்று கடவுளே சொல்கிறார். மகன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்கிறார். 2,500 ஆண்டுகளுக்கு முன்பே நிறுத்தச் சொன்ன பேச்சை நாம் எண்ணெய் பாட்டிலோடு வீடு வீடாக எடுத்துப் போய்க்கொண்டிருக்கிறோம்.

யோபுவின் புத்தகத்தையும் நாம் சரியாகப் படிப்பதில்லை. எல்லாவற்றையும் இழந்தவருக்குக் கடைசியில் இரட்டிப்பாகக் கிடைத்தது என்று முதல் இரண்டு அதிகாரத்தையும் கடைசி அதிகாரத்தையும் சேர்த்துப் பிரசங்கம் பண்ணிவிடுகிறோம். நடுவில் ஏறக்குறைய நாற்பது அதிகாரம் இருக்கிறதே, அதில் பெரும்பகுதி சண்டை. எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூன்று நண்பர்கள் வந்து முதலில் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் யோபுவோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த உருப்படியான காரியம் அந்த ஏழு நாள்தான். வாயைத் திறந்ததும், கடவுள் நீதியுள்ளவர், உனக்கு இப்படி நடக்கிறது, ஆகவே நீ ஏதோ செய்திருக்கிறாய் என்று ஆரம்பித்தார்கள். "நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்றார் யோபு. நண்பர்கள் பேசியதைத் தனியாக எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் பக்தி நிறைந்த வாக்கியம். அப்படியே அட்டையில் அச்சடித்து மாட்டலாம். யோபுவோ கடவுளிடம் கோபப்பட்டார், வழக்காட வரச்சொல்லி அழைத்தார், பிறந்த நாளைச் சபித்தார். முடிவில் கடவுள் யார் பக்கம் பேசினார்? எலிப்பாசைப் பார்த்து, உன்மேலும் உன் இரண்டு சிநேகிதர்மேலும் எனக்குக் கோபம், என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்றார். கடவுளுக்கு வக்காலத்து வாங்கியவர்கள் கடிந்துகொள்ளப்பட்டார்கள். கடவுளிடம் சண்டை போட்டவர் அவர்களுக்காக ஜெபிக்க வேண்டியதாயிற்று.

இயேசுவிடமும் இதே கேள்வி நேராக வந்தது. பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரைக் கண்டு சீடர்கள், "இவன் குருடனாய்ப் பிறந்தது யார்செய்த பாவம், இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ" என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை என்று யோவான் 9இல் பளிச்சென்று சொல்கிறார். லூக்கா 13இல் இன்னொரு செய்தி வருகிறது. எருசலேமில் சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்துப்போனார்கள். ஊரில் மற்ற எல்லாரையும்விட அவர்கள் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்கிறார். "அப்படியல்ல" என்று தானே பதிலும் சொல்லிவிட்டு, கேட்டவர்களைப் பார்த்து நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். செத்தவர்களின் கணக்கைப் புரட்டாதே, உன் கணக்கைப் பார் என்பதுதான் அது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுமார் 6,000 பேர் இறந்தார்கள். வேளாங்கண்ணியில் பேராலயத்துக்குள் தண்ணீர் நுழையவில்லை என்பதை அற்புதமாகச் சொல்லி நன்றி செலுத்தினார்கள். அதே வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்றிருந்த திருப்பயணிகள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். மாதாவைப் பார்க்க, பூசை காண, குழந்தைகளோடு வந்தவர்கள் அவர்கள். கோயில் தப்பியதற்கு ஒரு விளக்கம் வைத்திருப்பவர்கள் அந்தக் குழந்தைகளுக்கும் அதே விளக்கத்தைச் சொல்லிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு வந்த வாரங்களில், இது பாவத்துக்கு வந்த நியாயத்தீர்ப்பு என்று மைக் பிடித்துப் பேசியவர்களையும் கேட்டேன். லூக்கா 13 அவர்கள் வேதத்திலும் இருந்திருக்கும்தானே.

இப்போது வாக்குத்தத்த அட்டைக்கு வருகிறேன். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து புது வருஷம் பிறந்ததும் தட்டில் வைத்து நீட்டுவார்கள். சின்ன அட்டை, ஒரு பக்கம் பூவோ சூரிய உதயமோ, அதன்மேல் ஒரு வசனம். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து, அந்த வருஷம் முழுக்க அதைப் பீரோக் கதவில் ஒட்டி வைத்திருப்போம். எனக்கு அந்த வழக்கம் பிடிக்கும். அதை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் அட்டையில் என்னென்ன வசனங்கள் வருகின்றன என்று பாருங்கள். உன்னை ஆசீர்வதிப்பேன், பெருகப்பண்ணுவேன், தலையாக்குவேன். "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்பதும் இயேசுவே சொன்ன வாக்குதான், யோவான் 16:33. அந்தப் பாதியோடு ஒரு அட்டையை நான் பார்த்ததே இல்லை.

அட்டைகளில் அடிக்கடி வருகிற ஒன்று எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்று ஆரம்பிக்கும். வீட்டுக்கடன், விசா, கல்யாணம், குழந்தை எல்லாவற்றுக்கும் இதைப் பிடித்துக்கொண்டு ஜெபிப்போம். இது ஒரு கடிதத்தில் வருகிற வரி. கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பிடித்துக்கொண்டு போனான். பாபிலோனில் இருந்த அந்த ஜனங்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எருசலேமிலிருந்து எழுதி அனுப்பினார். அட்டையில் இருக்கும் 11ஆம் வசனத்துக்கு முந்தின வசனம் என்ன? பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு நான் உங்களைச் சந்திப்பேன் என்பது. எழுபது வருஷம்! கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் ஏறக்குறைய எவரும் திரும்பிப் போகப் போவதில்லை. பேரப்பிள்ளைகள் போவார்கள். அதுவரைக்கும் என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள், உங்களைச் சிறைபிடித்துக் கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று கடிதம் சொல்கிறது.

அந்தச் சமயத்தில் அட்டைக்கு ஏற்ற தீர்க்கதரிசி ஒருவரும் இருந்தார். முந்தின 28ஆம் அதிகாரத்தில் வருகிற அனனியா. பாபிலோனுக்கு அடங்கித்தான் இருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா மரநுகத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்கிறார். அனனியா ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக அந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்து, இன்னும் இரண்டு வருஷத்துக்குள் எல்லாரும் திரும்பி வருவார்கள், கொள்ளைபோன பாத்திரங்களும் திரும்பி வரும் என்றார். கூட்டம் எவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கும்! எரேமியாவே முதலில் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றுதான் சொல்கிறார். அவருக்கும் அது நடந்தால் நல்லதுதானே. ஆனால் அந்த வார்த்தை கடவுளிடமிருந்து வரவில்லை. நீ இந்த ஜனத்தைப் பொய்யை நம்பும்படிச் செய்தாய் என்று அனனியாவிடம் சொல்லும்படி எரேமியா அனுப்பப்படுகிறார். இரண்டு வருஷம் என்று சொன்னவர் பெயரில் ஒரு புத்தகமும் நம் கையில் இல்லை. எழுபது என்று சொன்னவரின் கடிதத்திலிருந்து நாம் ஒரு வரியை மட்டும் உருவி எடுத்து, அனனியா சொன்ன அர்த்தத்தில் அதைப் படிக்கிறோம்.

வசனத்தை இப்படி உருவி எடுப்பது புதுசு இல்லை. சங்கீதம் 91ஐ நம் வீடுகளில் பயணத்துக்கு முன்னால் வாசிப்போம். பாதம் கல்லில் இடறாதபடிக்குத் தூதர்கள் கைகளில் ஏந்திக்கொண்டு போவார்கள் என்ற வரியை, இயேசுவை தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, குதியும் என்று சொல்லி மேற்கோள் காட்டியவன் பிசாசு. ஒரு எழுத்துப் பிழையில்லாமல் சொன்னான். கடவுளைப் பரீட்சை பார்க்காதே என்று இயேசு மறுத்துவிட்டார். விசுவாசத்தோடு குதித்தால் பிடித்துத்தான் ஆக வேண்டும் என்று கடவுளை மடக்குவதற்கு அவர் பெயர் வைத்தது பரீட்சை. மாத்திரையை நிறுத்து, விசுவாசத்தில் நில் என்று நோயாளிகளிடம் சொல்கிறவர்கள் நிற்கச் சொல்வது அந்த உப்பரிகையின் விளிம்பில்தான்.

மாத்திரை விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. பவுல் தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடச் சொல்கிறார். தன்னோடு ஊழியம் செய்த துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் வியாதியோடு விட்டுவந்தேன் என்று சாதாரணமாக எழுதுகிறார். தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் கேட்டும் அது எடுக்கப்படவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்வது? அப்புறம், நம் ஊர்க் கதையே இருக்கிறதே. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர், ஒருவர்பின் ஒருவராக, பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவி கேட்டு மிஷனரி வீட்டுக்கு வந்தார்கள். ஆண் டாக்டரைத் தொடவிட மாட்டோம் என்றார்கள். அங்கே இருந்த இளம்பெண் ஐடா ஸ்கட்டருக்கு மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அந்தப் பெண் அமெரிக்கா போய் 1899இல் டாக்டராகித் திரும்பினார். 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்ததுதான் இன்றைய சி.எம்.சி., கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அன்றைக்கு அவர் ஜெபித்தார், ஜெபம் அவரை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பியது. மருந்தையும் விசுவாசத்தையும் எதிரெதிரே நிறுத்துகிறவர்கள் வேலூருக்குப் போகும் ரயிலில் எத்தனை விசுவாசிகள் ரிப்போர்ட் ஃபைலோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கட்டும்.

எங்கள் திருநெல்வேலி மாவட்டத்தில் டோனாவூர் இருக்கிறது. மிஷனரி ஏமி கார்மைக்கேல் அங்கே 1901இலிருந்து குழந்தைகளை எடுத்து வளர்த்தார், கோயில்களுக்குத் தேவதாசிகளாக விடப்பட இருந்த சிறுமிகளையும்கூட. 1931இல் களக்காட்டில் ஒரு குழிக்குள் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு 1951இல் சாகும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் தன் அறையிலேயே படுக்கையில் இருந்தார். சுற்றிலும் அவர் வளர்த்த பிள்ளைகள், அந்த ஊரே அவருக்காக ஜெபித்தது. சுகம் வரவில்லை. அந்தப் படுக்கையிலிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார். அந்த ஜெபக்குழு அவர் அறைக்குப் போயிருந்தால் என்ன சொல்லியிருக்கும்?

இந்தக் கணக்கு நம்மிடம் இவ்வளவு ஊறிப்போனதற்குச் சாட்சி நேரத்துக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். ஆராதனையில் யார் எழுந்து சாட்சி சொல்கிறார்கள்? விசா கிடைத்தவர், கட்டி கரைந்தவர், பத்து வருஷம் கழித்துப் பிள்ளை பெற்றவர். சொல்லட்டும், நானும் கைதட்டுகிறேன். ஆனால் அதே உபவாச ஜெபத்தில் அதே பாயில் முழங்கால் போட்டு, விசா கிடைக்காமல், கட்டி கரையாமல் போனவர் தூண் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். அவர் கைக்கு மைக் போவதில்லை. வருஷக்கணக்காக ஒரு பக்கத்தையே கேட்டுக் கேட்டு, மாதம் தவறாமல் கட்டினால் முறை வரும்போது எடுத்துவிடலாம் என்கிற சீட்டுப் போல விசுவாசத்தை நினைத்துவிடுகிறோம். வருமானத்தில் பத்தில் ஒன்றாகிய தசமபாகம் கொடுத்தாயிற்று, உபவாசம் இருந்தாயிற்று, என் முறை ஏன் வரவில்லை?

வேதம் மைக்கை இருவருக்கும் கொடுக்கிறது. அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். ஏரோது யோவானின் சகோதரனான யாக்கோபைப் பட்டயத்தால் வெட்டுகிறான். சில வசனம் தள்ளி, பேதுருவைச் சிறையிலிருந்து தூதன் கூட்டிக்கொண்டு வருகிறான். இருவரும் இயேசுவுக்கு மிக நெருக்கமான சீடர்கள். ஒரே சபை, ஒரே ராஜா. பேதுரு ஏன் தப்பினார், யாக்கோபு ஏன் தப்பவில்லை என்று இந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா ஒரு வரிகூட எழுதவில்லை. எபிரெயர் 11இலும் பட்டயக்கருக்குக்குத் தப்பினவர்களும் பட்டயத்தால் வெட்டுண்டு மரித்தவர்களும் ஒரே விசுவாசப் பட்டியலில்தான் வருகிறார்கள். தானியேலில் வருகிற மூன்று வாலிபர்கள் அக்கினிச் சூளையின் வாசலில் நின்று, எங்கள் தேவன் எங்களை விடுவிக்க வல்லவர் என்று சொல்லிவிட்டு, "விடுவிக்காமற்போனாலும்" என்று சேர்த்துக்கொள்கிறார்கள்.

சரி, அப்படியானால் எதற்கு ஜெபிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். என் சித்தியும் கேட்டார். நான் அவருக்கு விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. சங்கீதம் 88ஐ வாசித்துக் காட்டினேன். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். பெரும்பாலானவை கடைசியில் துதியாக மாறிவிடும், இது மாறாது. நீர் ஏன் என்னைத் தள்ளிவிடுகிறீர், ஏன் உம்முடைய முகத்தை மறைக்கிறீர் என்று கேட்டு, பதிலே வராமல் முடிந்துபோகிறது. "இப்படியெல்லாம் வேதத்துல இருக்காட்டி?" என்றார். இருக்கிறது. இதையும் ஜெபம் என்றுதான் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அதன் பிறகு சித்தி பாவத்தைத் தேடுவதை விட்டுவிட்டுக் கடவுளைத் திட்ட ஆரம்பித்தார். அழுதுகொண்டே, சத்தமாக. அம்மா பயந்துபோனாள். எனக்கோ அவர் மறுபடியும் ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார் என்று நிம்மதியாக இருந்தது. பதினோரு மாதத்துக்குப் பிறகு இறந்துபோனார். கடைசி வாரம் வரைக்கும் கடவுளோடு பேசிக்கொண்டுதான் இருந்தார்.

உங்கள் சாமி ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்கும் நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் கேட்பது எங்களுக்குப் பழகிய கேள்வி. மற்றவர்களை ரட்சித்தான், தன்னைத்தான் ரட்சித்துக்கொள்ளத் திராணியில்லை என்று சிலுவையின் கீழே நின்றவர்கள் அதை ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். அவர் இறங்கி வரவில்லை. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று சங்கீதம் 22இன் வரியைச் சொல்லிக் கதறினார். கதறியவரையே கடவுள் என்று நாங்கள் கும்பிடுகிறோம். மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்று நம்புகிறேன், முழுமனதோடு. ஆனால் உயிர்த்தெழுந்தவரின் கையில் ஆணித் தழும்பு இருந்தது; தோமாவைக் கூப்பிட்டு அதைத்தான் காட்டினார். என் நம்பிக்கை அந்தத் தழும்பின்மேல் நிற்கிறது. எனக்கு ஒன்றும் ஆகாது என்று அவர் எழுதிக் கொடுத்ததாக நான் எங்கும் படிக்கவில்லை.

வியாதிக்காரர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு: போகுமுன் போன் பண்ணிக் கேளுங்கள். வாந்தி வருகிற நாளில் யாருக்கும் பாட்டுக் கேட்க முடியாது. ஜெபம் பண்ணுங்கள், சுகத்துக்காகத் தைரியமாகவே கேளுங்கள், சுருக்கமாக. காரணம் சொல்லாதீர்கள். சாபம் என்ற வார்த்தை வாயில் வரவே வேண்டாம். கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர் தூங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டு, ஒரு ராத்திரி நீங்கள் முழித்திருக்க முடியுமா என்று பாருங்கள்.

எங்கள் பெண்கள் கூட்டத்தில் இப்போது சாட்சி நேரத்தில் இன்னும் பதில் கிடைக்காதவர்களையும் பேசச் சொல்கிறோம். முதலில் யாரும் எழுந்திருக்கவில்லை. போன மாதம் டயாலிசிஸுக்குப் போய்வரும் அக்கா ஒருவர் எழுந்து, "எனக்குச் சுகம் கிடைக்கலை. வாரத்துல ரெண்டு நாள் போறேன். திரும்பி வரும்போது பஸ்ல தலை சுத்துது, துணைக்கு யாராவது வந்தா நல்லாயிருக்கும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கூட்டம் முடிவதற்குள் நாலு பேர் பேர் கொடுத்தார்கள். செவ்வாய்க்கு இருவர், வெள்ளிக்கு இருவர்.